எதைப் பிடித்துக் கொன்றது?

பருத்திக்கொட்டையை பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளிறிய பருப்புக்குள் குண்டூசி முனையளவில் கரும்புள்ளிகள் நெருக்கமாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுரப்பி. அதற்குள் இருக்கும் மஞ்சள் பொருளின் பெயர் கோசிபால். பூச்சியிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் பருத்திச் செடி தானே செய்துவைத்துக்கொள்ளும் நஞ்சு அது. குருவிகுளத்துக் கரிசலில் விளைந்த கொட்டை ஒரு டப்பா நிறைய பெங்களூரில் என் மேசையில் இருக்கிறது. ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

என் வேலை மருந்து செய்வது அல்ல. மருந்து என்ற பேச்சு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உடம்பில் உள்ள ஆயிரக்கணக்கான புரதங்களில் எதை அடக்கினால் இந்த நோய் அடங்கும்? அதற்கு விடை தேட, குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பிடித்து அடக்கும் சிறிய மூலக்கூறு வேண்டும். எங்கள் தொழிலில் அதைக் கெமிக்கல் புரோப் என்பார்கள். அந்தப் புரோபைச் செல்லில் போட்டால் செல் சாகிறது என்றால், ‘இந்தப் புரதம் இல்லாமல் இந்தச் செல் பிழைக்காது’ என்று முடிவு கட்டி, அந்த முடிவின் மேல் பல நூறு கோடி ரூபாயும் பலருடைய பத்தாண்டு உழைப்பும் ஏறும். புரோப் வேறெதையோ பிடித்துச் செல்லைக் கொன்றிருந்தால் அத்தனையும் பாழ். அது உண்மையிலேயே சொன்னதைத்தான் பிடிக்கிறதா என்று சோதிப்பது என் வேலை.

ஊரில் பருத்தி வெள்ளாமை செய்தவர்களுக்கு இது ஒரு நிமிடத்தில் புரியும். தொண்ணூறுகளில் பச்சைக் காய்ப்புழு எதற்கும் அடங்காமல் போனபோது, கடைக்காரர் சொன்னபடி எண்டோசல்பான், மோனோகுரோட்டோபாஸ், சைப்பர்மெத்ரின் மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிப்பார்கள். ‘மூணுல ஏதாவது ஒண்ணு கேக்கும்’ என்பார் அப்பா. சில வருஷம் கேட்கவும் செய்தது. ஆனால் எது கேட்டது என்று யாருக்கும் தெரியாததால் அடுத்த தடவையும் மூன்றையும் வாங்க வேண்டும், மூன்றுக்கும் கடன் சொல்ல வேண்டும். பல புரதங்களை ஒரே சமயத்தில் பிடிக்கும் மூலக்கூறு அந்த டேங்க் மாதிரிதான். புழு செத்தது உண்மை, அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

கோசிபாலுக்கு வருகிறேன். 1886-ல் லாங்மோர் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் பருத்தி எண்ணெய்க் கசடிலிருந்து இதைப் பிரித்தார். 1899-ல் போலந்துக்காரரான மார்க்லெவ்ஸ்கி படிகமாக எடுத்துப் பெயர் வைத்தார். 1938-ல் அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸ் அதன் கட்டமைப்பைக் கண்டுபிடித்தார். 1950-களில் சீனத்துக் கிராமங்கள் சிலவற்றில், சூடுபடுத்தாமல் பிழிந்த பருத்தி எண்ணெயில் சமைத்தவர்களுக்குக் குழந்தை பிறக்காமல் போனது தெரியவந்தது. 1970-களில் சீன அரசு இதையே ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக்கி 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தது. கருத்தடை நடந்தது. ஆனால் சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியது, சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் விந்து உற்பத்தி திரும்பவில்லை. 1998-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த ஆராய்ச்சியைக் கைவிடச் சொன்னது.

அத்தோடு இதன் கதை முடியவில்லை. 2003 வாக்கில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குள் கோசிபால் வந்தது. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள விடாமல் தடுக்கும் பிசிஎல்-2 என்ற புரதம் இருக்கிறது. பல ரத்தப் புற்றுநோய்களில் இது அளவுக்கு மீறி உற்பத்தியாகி, சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் வைத்திருக்கும். கோசிபால் இந்தப் புரதத்தின் பள்ளத்தில் போய் உட்காருகிறது என்று ஆய்வுக்கூடங்கள் காட்டின. புற்றுசெல்லில் போட்டார்கள், செத்தது. அதன் ஒரு வடிவம் ஏ.டி.-101 என்ற பெயரில் நோயாளிகள் வரை போனது. மருந்தாக அனுமதி பெறும் நிலைக்கு வரவில்லை.

புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான். ஒரு சிறு குப்பியில் மஞ்சள் பொடி, கூடவே ஒரு வரி: ‘இது பிசிஎல்-2-க்கு நல்ல புரோப் என்று நிரூபி, இல்லையென்றால் இல்லை என்று நிரூபி.’ மூன்று வாரம் அவகாசம். பெரும்பாலும் எல்லோரும் உற்சாகமாக முதலாவதை நிரூபிக்கத்தான் கிளம்புவார்கள்.

முதலில் தராசு. கடையில் கிடைக்கும் கோசிபால் பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்தோடு சேர்ந்த படிகம். தனிக் கோசிபாலின் மூலக்கூறு எடை 518.6, அமிலத்தோடு சேர்த்து 578.6. லேபிளைப் படிக்காமல் முதல் எண்ணைப் போட்டுக் கணக்கிட்டால் அங்கேயே பத்து சதவீதம் குறைந்துவிடும். பிறகு டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து, கரைத்த அன்றைக்கும் சில நாள் கழித்தும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். குப்பிக்கு வெளியே எழுதியிருக்கும் பெயர்தான் குப்பிக்குள்ளும் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த முடிவையும் எடுக்கக் கூடாது என்பது என் மூத்தவர்கள் எனக்குப் பழக்கியது. கோசிபால் கரைசலில் நெடுநாள் அப்படியே இருக்கிற பொருள் அல்ல.

அடுத்தது நிறம். நாங்கள் செய்யும் சோதனையில் ஒளிரும் சாயம் கட்டிய ஒரு சின்னப் பெப்டைடு பிசிஎல் புரதத்தின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். புரோப் வந்து அதை வெளியே தள்ளினால் ஒளியின் தன்மை மாறும், கருவி அதைப் படிக்கும். ஆனால் மஞ்சளாக இருக்கும் பொருள் தானே ஒளியை விழுங்கக்கூடியது. எனவே புரதமே போடாத குழிகளிலும் அதே அளவு கோசிபாலைப் போட்டு, ரீடிங் எவ்வளவு நகர்கிறது என்று தனியாகப் பார்த்தே ஆகவேண்டும். 384 குழி உள்ள ஒரு பிளேட்டில் இதற்காகவே இரண்டு வரிசை ஒதுக்குகிறவர் யாரென்று பார்த்தாலே, இந்த வேலைக்கு ஏற்றவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவதாக டிடர்ஜென்ட். இதை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தொழிலின் பெரும் ஏமாற்றம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. தண்ணீரில் சரியாகக் கரையாத மூலக்கூறுகள் பல ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகத் திரளும். அந்த உருண்டையின் மேற்பரப்பில் புரதங்கள் போய் ஒட்டிக்கொண்டு செயலிழக்கும். கருவியில் பார்த்தால் அழகான வளைகோடு, அருமையான எண். அமெரிக்காவின் பிரயன் ஷாய்கெட் குழு 2000-களின் தொடக்கத்தில் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பரிகாரம் எளிது. டிரைட்டன் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்டை 0.01 சதவீதம் சேர்த்தால் உருண்டை கரையும், பொய்யான வேலை காணாமல் போகும். ஒருமுறை வெளியிலிருந்து ஒரு நிறுவனம் தங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்று ஒரு மூலக்கூறை அனுப்பியது. அதை வைத்துக் காப்புரிமைக்கும் விண்ணப்பித்திருந்தார்கள். எங்கள் ஆய்வகப் பெண் ஒருத்தி டிடர்ஜென்ட் சேர்த்தும் சேர்க்காமலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிளேட் ஓட்டினாள். சேர்த்த பிளேட்டில் வளைகோடே இல்லை, நேர்கோடு. ‘மேடம், பிப்பெட் தப்பா இருக்குமோ?’ என்று பயந்துபோய் வந்தாள். பிப்பெட் சரியாகத்தான் இருந்தது. அந்த நேர்கோட்டை அவர்களுக்குத் தெரிவிக்கும் மின்னஞ்சலை மூன்று பேர் உட்கார்ந்து எழுதினோம்.

நான்காவது, கோசிபாலின் கைகள். அதன் மூலக்கூறில் இரண்டு ஆல்டிஹைடு தொகுதிகள் உண்டு. புரதங்களில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைக் கண்டால் அவை பற்றிக்கொள்ளும். எந்தப் புரதம் என்று பார்க்காது. லைசின் எங்கே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே பிடிக்கும். இது எங்கள் ஊர் மாட்டுக் கொட்டகைக்கும் தெரிந்த வேதியியல். பருத்திக்கொட்டையை ஆட்டி வைத்தால் பசு நன்றாகக் கறக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் கோசிபால் அங்குள்ள புரதங்களோடு பிணைந்து பெருமளவு செயலற்றுப் போகிறது. கோழிக்கும் பன்றிக்கும் அந்த வசதி இல்லை, அவற்றுக்கு அது நஞ்சு. மதுரைத் தெருக்களில் சுக்கும் கருப்பட்டியும் சேர்த்து விற்கும் பருத்திப்பாலைக் காய்ச்சும்போதும் இதேதான் நடக்கிறது. சூட்டில் கோசிபால் கொட்டையின் சொந்தப் புரதத்தின் லைசினைப் பிடித்துக்கொண்டு கட்டுண்டுவிடும். உணவில் நம்மைக் காப்பாற்றும் இந்தக் குணமே ஆய்வகத்தில் அதை நம்ப முடியாத பொருளாக்குகிறது. சோதனைக் குழியில் மாட்டுச் சீரத்தின் அல்புமினைச் சேர்த்துப் பாருங்கள், கோசிபாலின் வீரியம் கண்முன்னே இறங்கும். அது பிசிஎல்-2-ஐ விட்டு அல்புமினைப் பிடிக்கப் போய்விட்டது.

இத்தனைக்கும் பிறகு கோசிபால் பிசிஎல்-2-ஐப் பிடிப்பதில்லை என்று சொல்லிவிட முடியாது. பிடிக்கிறது. ஆனால் எவ்வளவு இறுக்கமாக, எதையெல்லாம் விட்டுவிட்டு என்பதே கேள்வி. 2010-ல் வட கரோலினாவின் ஸ்டீபன் பிரை நல்ல புரோப் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். 2015-ல் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து எண்களாகவே வகுத்தார்கள். தனிப் புரதத்தில் 100 நானோமோலாருக்குக் குறைவான அளவிலேயே வேலை செய்ய வேண்டும். அதே குடும்பத்துப் பிற புரதங்களைவிட 30 மடங்காவது கூடுதலாக இதைப் பிடிக்க வேண்டும். உயிருள்ள செல்லுக்குள் ஒரு மைக்ரோமோலாருக்கு உள்ளேயே பலன் தெரிய வேண்டும். கோசிபாலின் வீரியமான வடிவத்துக்கே பிசிஎல்-2-ல் சுமார் 300 நானோமோலார் தேவைப்படுகிறது. அதன் உறவுக்காரப் புரதமான எம்சிஎல்-1-ஐயும் ஏறக்குறைய அதே அளவில் பிடிக்கிறது. 2005-ல் அபாட் நிறுவனம் வெளியிட்ட ஏ.பி.டி.-737 என்ற மூலக்கூறு பிசிஎல்-2-ஐ ஒரு நானோமோலாருக்கும் குறைவான அளவில் பிடித்தது, எம்சிஎல்-1-ஐ ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

எண்களைச் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், மனதில் தங்காது. அவர்களுக்குத் தங்குவது அடுத்த பாடம்தான்.

கோசிபால் இரண்டு ஒரே மாதிரியான பாதிகள் நடுவில் இணைந்த மூலக்கூறு. இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொள்வதால் சுழல முடியாமல் முறுக்கி நிற்கும். வலப்பக்கம் முறுக்கினால் ஒன்று, இடப்பக்கம் முறுக்கினால் இன்னொன்று. இரண்டும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் ஒன்றுக்கொன்று எதிர். பருத்தியில் இரண்டும் கலந்திருக்கின்றன. பருத்தியின் உறவுக்கார மரமான பூவரசில் பெரும்பாலும் வலஞ்சுழி வடிவம் மட்டுமே. அதைக் காட்டியவர்களில் குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரியும் ஒருவர். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அவரும் அவர் மாணவர்களும் 1960-களின் இறுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் பூவரசிலிருந்து இதைப் பிரித்து ஆராய்ந்தார்கள். நாம் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய மரத்தில் இயற்கை ஒரு பிம்பத்தை மட்டும் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பதை நினைக்க எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

எங்கள் தொழிலுக்கு இப்படிப்பட்ட இணை ஒரு வரம். உருவம் கிட்டத்தட்ட ஒன்றே, எடை ஒன்றே, நிறம் ஒன்றே, லைசினைப் பிடிக்கும் கைகளும் ஒன்றே. மாறுவது முறுக்கு மட்டும். இரண்டும் ஒரே மாதிரி செல்லைக் கொன்றால், கொன்றது கண்டதைப் பிடிக்கும் அந்தக் கைகள்தான். ஒன்று கொன்று மற்றது கொல்லாவிட்டால், உருவம் பொருந்தும் ஏதோ ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று நம்ப இடமுண்டு. கோசிபாலில் இடஞ்சுழி வடிவமே செல்லைக் கூடுதலாகக் கொல்கிறது. இந்த முடிவு கைக்கு வந்ததும் பயிற்சிக்கு வந்தவர்கள் துள்ளிக் குதித்து ஓடிவருவார்கள். ‘மேடம், நிரூபிச்சாச்சு!’

‘ஏதோ ஒரு பள்ளம்னு நிரூபிச்சிருக்கீங்க. அது பிசிஎல்-2-ன் பள்ளம்னு எங்கே இருக்கு?’ என்று நான் கேட்பேன்.

அதற்கு விடை 2006-ல் மெல்போர்னில் வால்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவனத்தில் செய்த சோதனையில் இருக்கிறது. நான் படித்தவற்றில் இவ்வளவு தெளிவாக யோசித்த சோதனைகள் சொற்பம். பிசிஎல்-2 செல்லின் சாவைத் தடுக்கிறது என்றேன். அது தடுத்து வைத்திருப்பது பேக்ஸ், பேக் என்ற இரண்டு புரதங்களை. பிசிஎல்-2 விலகினால் அவை விடுபட்டு மைட்டோகாண்ட்ரியாவில் துளை போடும், செல் சாகும். சரி, பேக்ஸ், பேக் இரண்டுமே இல்லாத செல்லை எடுத்துக்கொண்டால்? பிசிஎல்-2-ஐ எவ்வளவு அடக்கினாலும் அந்தச் செல் இந்த வழியில் சாகவே முடியாது, துளை போட ஆளே இல்லை. எலிகளில் மரபணுவை நீக்கிப் பெற்ற அப்படிப்பட்ட செல்கள் அவர்களிடம் இருந்தன. பிசிஎல்-2-ஐ அடக்குவதாகச் சொல்லப்பட்ட மூலக்கூறுகளை எல்லாம் வரிசையாக அந்தச் செல்களில் போட்டார்கள். கோசிபால் அவற்றையும் கொன்றது. வரிசையில் இருந்த மற்றவையும் கொன்றன. ஏ.பி.டி.-737 போட்ட செல்கள் மட்டும் சாகாமல் இருந்தன.

இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டும்போது அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். செல் சாகாமல் இருந்ததுதான் வெற்றி என்பது தலைகீழாக இருக்கும், உள்ளே இறங்கச் சற்று நேரம் பிடிக்கும். சொன்ன வழியை அடைத்த பிறகும் கொல்லும் மூலக்கூறு வேறு வழியில்தான் கொல்கிறது. சொன்ன வழியை அடைத்ததும் கொல்ல முடியாமல் நிற்கும் மூலக்கூறு சொன்னபடி நடக்கிறது. கோசிபாலுக்குப் பள்ளத்தில் உட்காரும் திறமை இருந்தும், செல்லுக்குள் போனால் அது கொல்வது பிசிஎல்-2 வழியாக அல்ல.

அந்த ஏ.பி.டி.-737 வம்சத்திலிருந்துதான் பிசிஎல்-2-ஐ மட்டும் பிடிக்கும் வெனிட்டோகிளாக்ஸ் என்ற மருந்து பிறந்தது. 2013-ல் அறிவித்தார்கள், 2016 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. இன்று நம் நாட்டுப் புற்றுநோய் மருத்துவமனைகளிலும் பயன்படுகிறது. கடைசி முத்திரையைக் குத்தியது நோயே. நெடுநாள் வெனிட்டோகிளாக்ஸ் எடுத்து, பிறகு மருந்து கேட்காமல் போன நோயாளிகள் சிலரின் புற்றுசெல்களில், பிசிஎல்-2 புரதத்தின் 101-ஆம் இடத்தில் இருந்த கிளைசின் என்ற அமினோ அமிலம் வேலினாக மாறியிருந்தது. 2019-ல் மெல்போர்ன் மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள். அந்தப் பள்ளத்தின் உருவம் சற்றே மாறியதும் மருந்து பிடி தவறிவிட்டது. தப்பிக்க நினைத்த செல் எந்தப் பூட்டை மாற்றிக்கொண்டதோ, அதுதான் மருந்து தொட்ட இடம். நோயாளிக்கு அது துயரம். ஆனால் மருந்து எங்கே பிடிக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி எதுவும் எங்களுக்குக் கிடைப்பதில்லை.

கிருமிகளில் இந்தச் சாட்சியை நாங்களே ஆய்வகத்தில் வரவழைக்கலாம். காசநோய்க் கிருமியை மருந்துக்கு நடுவே வளரவிட்டு, தப்பிப் பிழைத்த கிருமியின் மரபணுவை முழுதாகப் படித்தால் அது எதை மாற்றிக்கொண்டது என்று தெரிந்துவிடும். ஐசோநயாசிட் 1952-லிருந்து காசநோயாளிகளைப் பிழைக்க வைத்த மருந்து. அது பிடிக்கும் இன்ஹா என்ற புரதம் தெரியவந்தது 1994-ல். நாற்பது வருஷம் எதைப் பிடிக்கிறது என்று தெரியாமலே சேத்துப்பட்டுக் காசநோய் ஆய்வு மையம் முதல் கிராம ஆஸ்பத்திரி வரை அதைக் கொடுத்தோம், உயிர்கள் பிழைத்தன. அது பெரும் பேறு. அந்தப் பேறு தானாக அடுத்த மருந்துக்கும் வாய்க்கும் என்று காத்திருக்க முடியாது.

பெங்களூரில் இதை ஒழுங்காகச் செய்தார்கள் என்று பெருமையோடு சொல்ல ஓர் உதாரணம் உண்டு. காசநோய்க் கிருமி தன் சுவரைக் கட்டத் தேவையான சர்க்கரையைத் தயாரிக்கும் டிபிஆர்ஈ-1 என்ற என்சைம் மருந்துக்கு ஏற்ற இலக்கு என்று 2009-ல் ஐரோப்பியக் குழு ஒன்று காட்டியது. அவர்களுடைய மூலக்கூறு அந்த என்சைமின் 387-ஆம் இடத்துச் சிஸ்டீனைப் பிடித்து நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். பெங்களூரில் அஸ்ட்ராஜெனிகாவின் ஆய்வு மையத்தில் இருந்த நம் வேதியியலாளர்களும் உயிரியலாளர்களும் 2013-ல் முற்றிலும் வேறு அமைப்புள்ள, ஒட்டிக்கொள்ளாத அசாஇண்டோல் மூலக்கூறுகளை வெளியிட்டார்கள். கிருமியில் அந்த என்சைமை அளவுக்கு மீறி உற்பத்தியாக வைத்தார்கள். கிருமியைக் கொல்லக் கூடுதல் மருந்து தேவைப்பட்டது. தப்பிய கிருமிகளின் மரபணுவைப் படித்தார்கள். மாற்றம் அதே என்சைமில், 314-ஆம் இடத்தில் இருந்தது. ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு மூலக்கூறுகள் ஒரே என்சைமைச் சுட்டிக்காட்டினால் சந்தேகப்பட இடம் குறைவு. 2014-ல் அந்த மையம் மூடப்பட்டது. அதில் இருந்த பலரை எனக்குத் தெரியும், அன்று பட்ட வேதனையும் தெரியும். மூலக்கூறு மட்டும் நிற்கவில்லை. டி.பி.ஏ.-7371 என்ற பெயரில் தென்னாப்பிரிக்காவில் நோயாளிகளிடம் இரண்டாம் கட்டச் சோதனை வரை போனது.

இவ்வளவு தெரிந்தும் உலகம் இதைக் கடைப்பிடிக்கிறதா என்றால், இல்லை. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, நல்லவை என்று பெயரெடுத்த எட்டுப் புரோப்களைப் பயன்படுத்திய 662 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தது. சொல்லப்பட்ட அளவுக்குள் பயன்படுத்தி, வேலை செய்யாத இணையையும், அமைப்பில் வேறுபட்ட இரண்டாவது புரோபையும் கூட வைத்துச் சோதித்தவை 4 சதவீதம்தான். நல்ல கருவி கையில் இருந்தும் இந்த நிலை. பெரும்பாலும் கெடுப்பது அளவு. ஒரு மைக்ரோமோலாரில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பத்தாக்குவது, பத்திலும் நடக்காவிட்டால் ஐம்பதாக்குவது. ஐம்பதில் ஏறக்குறைய எதுவும் செல்லைக் கொல்லும். என்னிடம் வேலை பார்ப்பவர்களுக்கு நான் விதித்திருக்கும் ஒரே கட்டாயம் இது. அளவை ஏற்ற வேண்டும் என்று கை பரபரத்தால் அன்றைக்குப் பிளேட்டை மூடி வைத்துவிட்டு என்னிடம் வந்து பேச வேண்டும்.

அம்மாவுக்கு இதெல்லாம் பாதி புரியும். ‘ஏட்டி, எல்லாரும் மருந்து கண்டுபுடிக்காங்க, நீ மட்டும் இது மருந்து இல்ல, அது மருந்து இல்லன்னு சொல்லிக்கிட்டே இருக்கியே’ என்று ஒரு தடவை கேட்டாள். இல்லை என்று சீக்கிரம் தெரிந்தால் அந்தக் காசும் ஆட்களும் உண்மையான ஒன்றுக்குப் போகும் என்றேன். சரியென்று தலையாட்டினாள். உண்மையும் அதுதான். எங்கள் ஆய்வகத்திலிருந்து போன நல்ல செய்திகளைவிட, சீக்கிரமாகப் போன கெட்ட செய்திகள்தான் அதிகப் பேருக்கு உதவியிருக்கும் என்று நம்புகிறேன்.

தென் மாவட்டக் கல்லூரிகளிலிருந்து எனக்கு அடிக்கடி கடிதம் வரும். மூலிகைச் சாறு எடுத்து, புற்றுசெல்லில் போட்டு, கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு புரதத்தோடு பொருத்திப் பார்த்து முடிக்கும் எம்.எஸ்சி. ஆய்வுகள் ஏராளம். பிள்ளைகளின் உழைப்பில் குறையில்லை. ஆனால் எதைப் பிடித்துக் கொன்றது என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. மஞ்சளின் குர்குமினுக்கே இந்த நிலை நேர்ந்தது. ஆயிரக்கணக்கான கட்டுரைகள், 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் ஆன பிறகு, 2017-ல் அமெரிக்க வேதியியலாளர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். எந்தப் புரதத்தையும் தேர்ந்து பிடிக்காத, கரைசலில் சீக்கிரம் சிதையும், சோதனைகளையே குழப்பும் பொருள் அது என்று எழுதினார்கள். மஞ்சளை யாரும் சமையலிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த மூலிகையில் இன்னொரு தலைமுறை மாணவர்கள் அதே சுற்றைச் சுற்ற வேண்டாம்.

போன வருஷம் கோவில்பட்டிப் பக்கமிருந்து ஓர் ஆசிரியை, செலவு குறைவான, ஆனால் உருப்படியான ஒரு ஆய்வுத் தலைப்பு கேட்டிருந்தார். பூவரசைச் சொன்னேன். அவருக்கு எழுதியது இதுதான்: பூவிலிருந்து வலஞ்சுழி கோசிபாலைப் பிரித்து, போலாரிமீட்டரில் சுழற்சியை அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். பருத்திக்கொட்டையிலிருந்து கலவையை எடுங்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே செல்லில், ஒரு மைக்ரோமோலாரிலிருந்து கீழ்நோக்கி மட்டும் போட்டு ஒப்பிடுங்கள். பிறகு பேக்ஸ், பேக் இல்லாத செல்லில் அதையே திரும்பச் செய்யுங்கள். செல்லைக் கேட்டு எழுதும் கடிதத்துக்கு மாதிரி இணைத்திருக்கிறேன், ஒப்பந்தத்தில் உங்கள் கல்லூரி முதல்வர் கையெழுத்திட வேண்டும். பூவை நிழலில் உலர்த்தச் சொல்லுங்கள். கரைத்ததை அன்றைக்கே பயன்படுத்துங்கள், மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.